ரெண்டு நாள் பாட்டு ஒர்க்ஷாப்: கரைவலை மணலா, சர்ச் ஹாலா, ராம்நாடு டவுனா?

சேர்ந்து பாடக் கத்துக்கணும், ஆனா சனி ஞாயிறு மட்டும்தான் நேரம், ராம்நாடு கடற்கரைப் பக்கம் எங்க போகலாம்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். உங்களுக்கு வேண்டியது நாட்டுப்புறப் பாட்டா, இல்ல ஒரே பாட்டை ஆளுக்கொரு சுரத்துல சேர்ந்து பாடுற ஹார்மனியா? ரெண்டும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, போஸ்டர்லயும் ரெண்டையும் சேர்த்துத்தான் போடுறாங்க, ஆனா ரெண்டு நாள்ல ரெண்டும் வராது, ஏதோ ஒண்ணுதான் வரும், அது எதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டா எந்த ஊருக்கு பஸ் ஏறணும்ங்கிறது தானா தெரிஞ்சிடும்.

எங்க பக்கம் வழின்னு பார்த்தா இவ்வளவுதான். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்னு கடலோர ஊர்கள்ல அம்பாப் பாட்டு, அதாவது வலை இழுக்குறப்ப பாடுற பாட்டு, தெரிஞ்ச பெரியவங்களைப் பிடிச்சு அவங்க கூடவே ரெண்டு நாள் இருக்குறது. கொஞ்சம் உள்ள தள்ளி கிராமத்துல முளைப்பாரிக் கும்மி, ஒயிலாட்டம் சொல்லிக்குடுக்குறவங்ககிட்ட போறது. சர்ச் கொயர் மாஸ்டர் யாராவது நடத்துற நாலு குரல் ஹார்மனி வகுப்பு. அதுவும் இல்லன்னா ராமநாதபுரம் டவுன்லயோ மதுரை திருச்சிலயோ ஹால் எடுத்து மைக் கட்டி சர்டிஃபிகேட் குடுத்து நடத்துறது. நாலும் நல்லதுதான், ஆனா நாலும் நாலு விதமான ஆளுக்கு.

அம்பால இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வர்றாங்க. ஏலேலோ ஐலசான்னு சினிமால கேட்டுட்டு, அதே மாதிரி ஆர்மோனியம் டோலக்கோட நாலு பாட்டு எழுதிக் குடுப்பாங்கன்னு நெனச்சு நோட்டு பேனாவோட வந்து இறங்குவாங்க. கரைவலைல வலையோட ரெண்டு பக்கக் கயிறும் கரையில இருக்கும், ரெண்டு வரிசையா ஆளுங்க நின்னு இழுப்பாங்க, மீன் சேர்ற பை மாதிரியான மடி நடுவுல கடல்ல இருந்து மெல்ல மெல்ல வரும். ஒருத்தர் அடி எடுத்துக் குடுப்பாரு, மத்தவங்க பின்பாட்டு, அந்தப் பின்பாட்டு விழுற இடத்துலதான் மொத்தக் கூட்டமும் சேர்ந்து ஒரு இழுப்பு. மடி தூரத்துல இருக்குறப்ப பாட்டு நிதானமாப் போகும், கரை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும், கடைசில வார்த்தை போய் வெறும் சத்தம்தான் மிஞ்சும். எடுத்துக் குடுக்குறவரு அங்கயே கட்டிப் பாடுவாரு, சாமி வரும், மாதா வரும், கடன் குடுத்த முதலாளி மேல நக்கல் வரும், பக்கத்துல நிக்கிறவன் கல்யாணம் ஆகாம இருக்கறதும் வரும். அதனால நேத்துப் பாடுன பாட்டு இன்னிக்கு அப்படியே வராது, நோட்டுல எழுதுனவங்க பாவம்.

இதுல ரெண்டு நாள்ல என்ன கிடைக்கும்னு கேட்டா, பின்பாட்டு கிடைக்கும். கேக்க சின்ன விஷயமாத் தெரியும், ஆனா அடுத்தவன் குரலைக் காதுல வாங்கிக்கிட்டே, அவன் முடிக்கிறதுக்கு ஒரு நூல் முன்னாடி மூச்சு எடுத்து, சரியா அந்த இடத்துல எல்லாரோடவும் சேர்ந்து விழுறது இருக்கே, அது வந்துட்டாத்தான் கொயரும் கச்சேரிக் கோரஸும் எல்லாம். பாட்டு டீச்சர் எத்தனை தடவை கை தட்டிச் சொன்னாலும் தாளத்துல நிக்காதவங்களைக் கையில கயிறைக் குடுத்து இழுக்க விடுங்க, உடம்பு பாரத்துல அது தானா நிக்கும். கூச்சமும் போயிடும், ஏன்னா எல்லாரும் கத்துற இடத்துல நம்ம குரல் நல்லா இருக்கா இல்லையான்னு யாரும் பார்க்கப் போறதில்ல. எனக்குப் பாட்டே வராதுன்னு சொல்றவங்க நேரா இங்க வரலாம்ங்கறது என் கட்சி.

குறை இல்லாம இல்ல. பெரியவங்க பாடுவாங்க, சொல்லிக்குடுக்க மாட்டாங்க, ரெண்டும் வேற வேலை. ஹால்ல நாற்காலி போட்டு உக்கார வச்சு அம்பா பாடுங்கய்யான்னா முக்கால்வாசிப் பேருக்கு அடியே ஞாபகம் வராது, "கயித்தப் பிடிச்சாத்தாம்ப்பா வரும், சும்மா உக்காந்துகிட்டு எப்படிப் பாடச் சொல்றிய" அப்படின்னுடுவாக. அதனால நடத்துறவங்க ஒரு பழைய வலையோ, வடக்கயிறோ, இழுக்குறதுக்குப் பாரமோ ஏற்பாடு பண்ணியிருக்காங்களான்னு கேட்டுக்கங்க, அது இல்லாத அம்பா ஒர்க்ஷாப் கதை கேக்குற மாதிரிதான் போகும். இன்னொண்ணு காத்து. கச்சான்னு சொல்ற மேக்கத்திக் காத்து அடிக்கிற மாசங்கள்ல மணல்ல நின்னு பாடுனா பக்கத்து ஆள் பாடுறதே காதுல விழாது, இழுப்புக்கு அது பரவாயில்ல, நுணுக்கமாக் கேட்டுப் பழகணும்னா அதிகாலைலயோ மரத்தடிலயோதான். கொச்சையான அடிகளும் உண்டு, சின்னப் பிள்ளைங்க கூட வர்றவங்க முன்னாடியே பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டா அவரு அதை மட்டும் லாவகமா தாண்டிடுவாரு.

முளைப்பாரிப் பக்கம் வந்தா நிலைமை இன்னும் சுலபம். எங்க ஜில்லாவுல முளைக்கொட்டுத் திருவிழான்னா தெரியாத ஆள் இல்ல, முத்து பரப்புன, அதாவது விதை போட்ட நாள்ல இருந்து முளைப்பாரி தூக்குற வரைக்கும் ராத்திரி ராத்திரி பொம்பளைங்க சுத்தி வந்து கும்மி அடிப்பாங்க. மெட்டு எல்லாம் சின்ன எல்லைக்குள்ள, நாலஞ்சு சுரத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது, குரல் எட்டாத உயரத்துக்கு எங்கயும் போகாது. அதனால ஒரே நாள்ல ஒரு முழுப் பாட்டு பிடிபடும், ரெண்டாவது நாள் கால் பழகலாம், வீட்டுக்குப் போறப்ப ஒண்ணாவது கையில இருக்கும். மகளிர் குழு, ஸ்கூல் டீச்சருங்க, அம்மாவும் பொண்ணுமா வர்றவங்க, இவங்களுக்கெல்லாம் நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன். ஒயிலாட்டம் அப்படி இல்ல, கையில துணி காலுல சலங்கைன்னு பார்க்க அழகா இருக்கும், ஆனா ரெண்டு நாள்ல அடவு ரெண்டு மூணுக்கு மேல போகாது, முட்டி வலி வேற, பாட்டுக்காக வர்றவங்களுக்கு அது மூச்சு வாங்குற வேலைதான். தெம்மாங்கு பெரும்பாலும் தனி ஆள் பாட்டு, சேர்ந்து பாட ஆசைப்படுறவங்களுக்கு அடுத்த கட்டம். சிவகங்கைப் பக்கத்து கொல்லங்குடி கருப்பாயி அம்மா ரேடியோவுல பாடுனதைக் கேட்டு வளர்ந்தவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க, ஆனா அந்த இழுப்பும் குழைவும் சனி ஞாயிறுல வர்ற சரக்கு இல்ல.

ஒப்பாரி சொல்லிக்குடுங்கன்னு மட்டும் போய் நிக்காதீங்க. நல்லா இருக்குற வீட்டுல சாவுப் பாட்டு பாடக் கூடாதுன்னு நெறைய பாட்டிங்க உறுதியா இருப்பாங்க, அவங்களைக் கட்டாயப்படுத்தி போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டுப் போறதை ஆராய்ச்சின்னு சொல்லிக்கிறவங்களை எனக்குப் பிடிக்காது.

இப்ப ஹார்மனி. இதுக்குன்னு எங்க கடற்கரைல இருக்குற பழக்கம் சர்ச் பழக்கம்தான். சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபைகள்ல மேல்நாட்டு மெட்டுல உள்ள பாமாலை பாடுறது நாலு குரல்ல, மேல் குரல்ல இருந்து கீழ் குரல் வரைக்கும் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு பிரிச்சு. கீர்த்தனை அப்படி இல்ல, அது நம்ம ராகத்துல எல்லாரும் ஒரே மெட்டாப் பாடுறது. கத்தோலிக்கக் கோயில் பாட்டுக்குழுவுலயும் பெரும்பாலும் ஒரே மெட்டுதான், கூட கீபோர்டு. அதனால ஹார்மனி ஒர்க்ஷாப்னு போர்டு பார்த்தா நடத்துறவரு எந்தப் பழக்கத்துல இருந்து வர்றாருன்னு முதல்ல கேளுங்க. டோ ரே மீ எழுத்துல பாகம் பாகமா எழுதிக் குடுத்து, ஒவ்வொரு குரலையும் தனியா அரை மணி நேரம் உக்கார வச்சுப் பழக்குறவரா இருந்தா காசு குடுக்கலாம். கீபோர்டுல கார்டு (ஒரே நேரத்துல சேர்த்து அமுக்குற சில சுரங்கள்) பிடிச்சுக்கிட்டு நீங்க மேல பாடுங்க நீங்க கீழ பாடுங்கன்னு கை காட்டுறவரா இருந்தா அன்னிக்கு சாயங்காலம் ஜாலியா இருக்கும், திங்கக்கிழமை ஒண்ணும் மிஞ்சாது.

ரெண்டு நாள்ல நாலு குரல் வருமான்னா, ஒரு பாமாலைக்கு வரும், அதுவும் ஏற்கனவே மெட்டு தெரிஞ்ச பாமாலையா இருந்தா. பெரிய சிக்கல் ஆல்ட்டோக்காரங்களுக்கு. பக்கத்துல சோப்ரானோ தெரிஞ்ச மெட்டைப் பாடும்போது காது அங்கதான் ஓடும், நாலாவது வரிலயே வழுக்கி மெட்டுக்குள்ள போயிடுவாங்க. ஆம்பளைங்கள்ல பாஸ் குரல்ங்கறதை நிறைய பேர் மெதுவா முணுமுணுக்குறதுன்னு நெனச்சுக்கிறாங்க. இதுக்கெல்லாம் மருந்து ஒண்ணுதான், தன் பாகத்தை மட்டும் வீட்டுல தனியா அலுக்க அலுக்கப் பாடுறது. நல்ல மாஸ்டருங்க ஒர்க்ஷாப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி ஆடியோவா வாட்சப்ல அனுப்பிடுவாங்க, அப்படி அனுப்புவீங்களான்னு கேட்டுட்டுப் பேர் குடுங்க. குரலுக்கு ரெண்டு பேராவது வேணும், தனி ஆளா ஒரு பாகத்தைத் தாங்குறது புதுசா வர்றவங்களுக்கு முடியாது, அப்போ எட்டுப் பேருக்குக் குறைஞ்ச கூட்டத்துல இந்த வகுப்பு நடத்துறது வீண்.

இடமும் முக்கியம். ஹார்மனிக்கு கடற்கரை ஆகவே ஆகாது. அலைச் சத்தத்துல காத்துல பக்கத்துக் குரல் கேக்காது, கேக்கலன்னா சேராது. நல்ல சுவர் வச்ச ஹால், ஃபேன் சத்தம் கம்மியா இருக்கணும், மே மாசத்துல ராம்நாட்டுல ஃபேன் இல்லாம ஹால்ங்கறது தண்டனை, அதனால ஹார்மனிக்கு வெயில் காலத்தை விட்டுடுங்க.

அப்புறம் இந்த ரெண்டையும் கலந்து குடுக்குற கூட்டம் ஒண்ணு புதுசாக் கிளம்பியிருக்கு. முதல் நாள் காலைல அம்பா, மத்தியானம் அதே அம்பாவுக்கு கிட்டார் கார்டு, அடுத்த நாள் ஸ்டேஜ் புரோகிராம், வீடியோ. எனக்கு இது ஒத்து வரல, ஏன்னு சொல்றேன். நம்ம நாட்டுப்புற மெட்டுக்கு அடியில கார்டு கிடையாது, எல்லாரும் ஒரே மெட்டுதான், ஆனா ஒவ்வொருத்தர் குரலும் ஒவ்வொரு மாதிரி வளையும், ஒருத்தர் முடிக்குறதுக்குள்ள அடுத்தவர் நுழைஞ்சிடுவாரு, அந்த உரசல்தான் ருசி. ஆனந்தபைரவி, புன்னாகவராளி, செஞ்சுருட்டி மாதிரி நாட்டுப்புறச் சாயல் உள்ள ராகங்கள்ல சுரம் ஒரு இடத்துல நிக்காது, அசைஞ்சு அசைஞ்சு வரும். அதுக்கு மேல கார்டை வச்ச உடனே பாடுறவங்க கார்டுக்குத் தோதா சுரத்தை நேரா நிறுத்த ஆரம்பிச்சிடுறாங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பாட்டும் ஒரே டிவி ஷோ பாட்டு மாதிரி ஆயிடுது. கலக்கவே கூடாதுன்னு சொல்லல. கலக்குறதுக்கு முன்னாடி பழகணும். ஆம்பளைங்க பாதிப் பேர் சுருதிப்பெட்டியோட சேர்ந்து சா மட்டும் பிடிச்சு நிக்கட்டும், மேல பொம்பளைங்க கும்மி பாடட்டும், அப்புறம் கொஞ்சப் பேர் பா பிடிக்கட்டும், அதுலயே முதல் ஹார்மனி வந்தாச்சு, மெட்டும் கெடாது. அதுக்குப் பிறகு ஒரே பாட்டை ரெண்டு கூட்டம் ஒரு அடி தள்ளி ஆரம்பிக்கிறதைப் பழகலாம், எல்லா மெட்டுக்கும் அது ஒத்து வராது, ஒத்து வர்றதுக்குச் செஞ்சு பார்த்தா சின்னப் பசங்க விடமாட்டாங்க. இப்படிப் படிப்படியா ஏத்துறவங்க நடத்துற கலப்பு ஒர்க்ஷாப்னா தாராளமாப் போங்க.

கட்டை, அதாவது எந்த சுருதில பாடுறதுங்கற விஷயத்தையும் கேட்டு வைங்க. பொதுவா ஆம்பளைங்களுக்கு ஒரு கட்டை ரெண்டு கட்டை சுகம், பொம்பளைங்களுக்கு அஞ்சு ஆறு. ஒரே கட்டைல எல்லாரையும் பாட வச்சா ஒரு பக்கம் தொண்டை கட்டும், இன்னொரு பக்கம் சத்தமே வராது. கும்மியில் பொம்பளைங்க மட்டும், கரைவலைல பெரும்பாலும் ஆம்பளைங்கன்னு இருக்குறதுனால அங்க இந்தத் தொல்லை இல்ல, ஹால் ஒர்க்ஷாப்லதான் இது இடிக்கும்.

டவுன் ஏற்பாடுகளைப் பத்திச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ராமநாதபுரத்துல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம்னு மூணு வருஷப் படிப்பு, அது வார இறுதிக்காரங்களுக்கு இல்ல, ஆனா வீட்டுல பன்னெண்டு வயசு தாண்டுன பிள்ளைக்கு நிஜமாவே ஆர்வம் இருந்தா ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பா அலையறதை விட அங்க சேர்த்து விடுறது எவ்வளவோ மேல். சின்னப் பிள்ளைங்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு, அஞ்சுல இருந்து பதினாறு வயசு வரைக்கும். மதுரை, திருச்சி, பாளையங்கோட்டைப் பக்கம் போனா கல்லூரிகள்ல நாட்டுப்புறவியல் படிச்சவங்க இருப்பாங்க, பேச்சும் விளக்கமும் நல்லாவே இருக்கும், பாட்டு எங்க பிறந்துச்சு யார் பாடுறதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்களுக்கு அது சரி. தொண்டை திறக்கணும்னு வர்றவங்களுக்கு பஸ் செலவு தண்டம், போக வர ஒரு பகல் போயிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் முஸ்லிம்கள் சேர்ந்து புகழ்ப்பாட்டு பாடுற பைத்து சபா, கைப்பறை தட்டிப் பாடுற தப்ஸ் குழுக்கள் எல்லாம் இருக்கு, கூட்டா எடுத்துப் பாடுறதுல அவங்க கட்டுக்கோப்பு யாருக்கும் வராது. குணங்குடி மஸ்தான் சாகிபு பிறந்த ஊரு தொண்டிக்குப் பக்கத்துலதான், நாகூர் ஹனிபா பிறந்ததும் இந்த ராமநாதபுரம்தான், அந்த மண்ணுல கேக்கவா வேணும். ஆனா இது ஒர்க்ஷாப்பா நடக்குறது அபூர்வம், தெரிஞ்சவங்க மூலமா கல்யாணத்துக்கோ மீலாதுக்கோ போய் உக்காந்து கேக்குறதுதான் வழி, அதனால ஒப்பீட்டுல சேர்க்கல.

தேதி பார்க்குறதுல வெளியூர்க்காரங்க பெரும்பாலும் ஏமாறுறாங்க. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போறது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை காலைல ஒர்க்ஷாப்னு போஸ்டர் அடிச்சா பாடுற ஆள் கடல்ல இருப்பாரு, ஞாயித்துக்கிழமை காலைல படகு வந்து மீன் இறங்கி வலை உதறி அவரு தூங்கப் போற நேரத்துல நீங்க அவர் வீட்டு வாசல்ல நிப்பீங்க. வேதக்கார, அதாவது கிறிஸ்தவ ஊரா இருந்தா ஞாயிறு காலைப் பூசை வேற. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை சாயங்காலமும்னு பிரிச்சு வைக்கிற ஏற்பாட்டாளருக்கு ஊர் தெரியும்னு அர்த்தம், அவரை நம்பலாம். நாட்டுப்படகு, கரைவலைக்காரங்க கணக்கு வேற, கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க கணக்கு நிலாவைப் பொறுத்தது, அவங்களைப் பாட வைக்கணும்னா தேதியை அவங்ககிட்டயே கேட்டு வைங்க.

எல்லாத்தையும் விட நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆளுங்க கரையில வலை தைச்சுக்கிட்டு படகுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க, ஸ்கூலும் லீவு, பேச நேரம் இருக்கும், வேலையில கை ஓடிக்கிட்டே வாயில பாட்டும் வரும். வெயில் கொளுத்தும், அதிகாலையும் சாயங்காலமும் மட்டும் வச்சுக்கிட்டா சமாளிக்கலாம். வருமானம் இல்லாத மாசங்கள்ங்கிறதுனால பாடுறவங்களுக்குப் பேசுன சம்பளத்தை அன்னிக்கே கையில குடுக்குற ஏற்பாடான்னும் விசாரிங்க, சாப்பாடு போட்டு சால்வை போர்த்தி அனுப்புற இடமா இருந்தா எனக்கு அங்க போகப் பிடிக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டி ராமேஸ்வரத்துல ரூம் தேடாதீங்க, கிடைக்காது, கிடைச்சாலும் விலை கேட்டா பாட்டு மறந்துடும். 2025 ஏப்ரல்ல பாம்பன் புதுப் பாலம் திறந்ததுல இருந்து மதுரைல இருந்து ரயில்லயே தீவுக்குள்ள வந்துடலாம், பழைய பாலம் மூடிக் கிடந்தப்ப மாதிரி மண்டபத்துல இறங்கி பஸ் மாற வேண்டியதில்ல.

ஹார்மனிக்கு அக்டோபர் கடைசி, நவம்பர். மழை இருக்கும், புயல் சின்னம்னு ஒண்ணு வந்தா ஒர்க்ஷாப் தள்ளிப் போகும், இருந்தாலும் கிறிஸ்துமஸ் கேரலுக்காக கொயர் எல்லாம் சுறுசுறுப்பா இருக்குற நேரம், கத்துக்கிட்டதை டிசம்பர்ல உடனே பாட ஒரு மேடையும் கிடைக்கும். பாடாம விட்ட பாகம் ஒரு மாசத்துல மறந்து போகும். கும்மிக்கு முளைக்கொட்டு நடக்குற மாசமே சரி, ஒர்க்ஷாப் இல்லாமலே கூட ராத்திரி போய் வட்டத்துல கடைசியா நின்னு கத்துக்கலாம், ஊர்ல ஒரு ஆளைத் தெரிஞ்சிருந்தாப் போதும்.

இவ்வளவும் படிச்சுட்டு எங்க போறதுன்னு இன்னும் கேட்டா என் பதில் இது. இதுவரைக்கும் யாரோடவும் சேர்ந்து பாடினதே இல்லன்னா தடைக்காலத்துல கடற்கரை ஊர், கயிறு இருக்குற அம்பா ஒர்க்ஷாப். பொம்பளைங்க கூட்டமாப் போறதா இருந்தா முளைப்பாரிக் கும்மி. ஏற்கனவே கொயர்ல நிக்கிறவங்க, இல்ல ஒரு மெட்டைத் தனியாப் பிடிச்சு அசையாமப் பாடத் தெரிஞ்சவங்க மட்டும் நவம்பர்ல ஹார்மனி. ஹார்மனி மேல ஆசை ஆனா பழக்கமே இல்லன்னா முதல் வருஷம் அம்பா, அந்தப் பின்பாட்டுக் காதோட அடுத்த வருஷம் ஆல்ட்டோவுலயோ டெனர்லயோ போய் நில்லுங்க. அம்பாவுக்கு ஆள் எங்கன்னு தெரியலன்னா பாம்பன்ல மீனவர்களுக்குன்னே 2016ல இருந்து நடக்குற கடல் ஓசை 90.4 சமுதாய வானொலில கேட்டுப் பாருங்க, இல்லன்னா தங்கச்சிமடத்துல டீக்கடைல உக்காந்து யாரு நல்லா எடுத்துக் குடுப்பாருன்னு கேளுங்க, ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேரு சொல்லுவாங்க, ரெண்டு பேரையும் போய்ப் பாருங்க.